ஜெராக்ஸ் டிரம்மும் நானோ நிறமியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம், பழைய பஸ் ஸ்டாண்டு, நாலு ரோடு என்று எங்கே நின்று பார்த்தாலும் ஒரு ஜெராக்ஸ் போர்டு கண்ணில் படும். அந்த மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அதற்கு முன்னால் படித்தது வேதியியல். அதனால் இரண்டு வகை ஆட்கள் என்னிடம் கேள்வியோடு வருகிறார்கள். கடைக்காரர்கள் "காப்பி ஏன் மங்குது, டிரம் எப்போ மாத்தணும்" என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நானோ துகள், ஒளிமின் கடத்தி (வெளிச்சம் பட்டால் மின்சாரம் கடத்தும் பொருள்) என்று புராஜெக்ட் தலைப்போடு வருவார்கள். இரண்டுக்குமான பதில், மெஷினுக்குள் சுற்றிக்கொண்டே காப்பியின் படத்தைத் தாளுக்கு மாற்றும் டிரம் என்ற குழாயின் மேலிருக்கும் பச்சைப் பூச்சில்தான் கிடக்கிறது என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாகவே போட்டிருக்கிறேன்.

டிரம் ஏன் பச்சையாக, சிலது நீலமாக இருக்கிறது? அது பெயின்ட்டா?

பெயின்ட் இல்லை, ஆனால் பெயின்ட்டுக்குச் சொந்தக்காரன். பெரும்பாலான டிரம்களில் இருப்பது தாலோசயனின் என்ற கரிம நிறமி. பிளாஸ்டிக் பக்கெட்டின் நீலம், அச்சகத்து நீல மை, கடைப் பலகையின் பச்சை எல்லாம் இதே குடும்பம்தான். 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் ஒரு சாய ஆலையில், எனாமல் பூச்சு விரிசல் விட்ட பாத்திரத்தில் தாலிக் அன்ஹைட்ரைடும் அம்மோனியாவும் வினைபுரிந்தபோது, வெளியே தெரிந்த இரும்போடு சேர்ந்து எதிர்பாராமல் ஒரு நீலப்பச்சைப் பொருள் உருவானது. அதன் அமைப்பை லண்டனில் லின்ஸ்டெட் குழுவினர் 1934-இல் வெளியிட்டார்கள். வளையம் மாதிரியான மூலக்கூறு. நடுவில் ஓர் உலோகம் உட்காரலாம். தாமிரம் உட்கார்ந்தால் பக்கெட் நீலம். டைட்டானியமும் ஆக்சிஜனும் உட்கார்ந்தால் டைட்டனைல் தாலோசயனின், அதாவது நம் டிரம்மில் இருப்பது.

இது சாயம் இல்லை, நிறமி. அம்மாபேட்டையில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயம் தொட்டித் தண்ணீரில் கரைந்து நூலுக்குள் இறங்கும். நிறமி எதிலும் லேசில் கரையாது, துகளாகவே மிதக்கும். கரையாத பொருளை அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) கூட இல்லாத கனத்தில் குழாய் முழுக்க ஒரே சீராகப் பூச வேண்டும். துகளின் அளவு பற்றிய பேச்செல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

வெளிச்சம் பட்டால் டிரம்முக்குள் என்ன நடக்கிறது?

டிரம் ஓர் அலுமினியக் குழாய். அதன் மேல் மூன்று பூச்சு. முதலாவது மெல்லிய அடிப்பூச்சு, அலுமினியத்திலிருந்து மின்னூட்டம் தேவையில்லாமல் மேலே ஏறாதபடி தடுக்கும். இரண்டாவது நிறமிப் பூச்சு, பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. மூன்றாவது, அதன்மேல் கண்ணாடி மாதிரி லேசான மஞ்சள் சாயலில் 20 முதல் 30 மைக்ரான் கனமுள்ள பாலிகார்பனேட் பூச்சு. தலைமுடி 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்தே அதில் பாதிக்கு வராது.

இருட்டில் சார்ஜ் ரோலர் இந்தத் தோலின் மேல் 600, 700 வோல்ட் அளவுக்கு எதிர்மின்னூட்டத்தை ஏற்றுகிறது. 25 மைக்ரானுக்குக் குறுக்கே 700 வோல்ட் என்றால் மைக்ரானுக்கு 28 வோல்ட். திறந்த காற்று மைக்ரானுக்கு 3 வோல்ட் வந்தாலே பொறி பறந்துவிடும். அதைவிட ஒன்பது மடங்கு அழுத்தத்தை இந்தத் தோல் தாங்கிக்கொண்டு சுற்றுகிறது. எங்காவது ஒரு மணல் பொடி அளவு குறை இருந்தாலும் காப்பியில் ஏன் உடனே தெரிந்துவிடுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அப்புறம் லேசர். அது மேல் பூச்சை ஊடுருவிப் போய் நிறமியைத் தொடுகிறது. நிறமித் துகள் ஒளியை விழுங்கி ஓர் எலக்ட்ரானையும், அது விட்டுப்போன காலியிடத்தையும் ஜோடியாகத் தருகிறது. பாடப்புத்தகத்தில் துளை என்று எழுதியிருப்பது அந்தக் காலியிடத்தைத்தான். எலக்ட்ரான் கீழே அலுமினியத்துக்கு இறங்கிவிடும். துளையோ மேல் பூச்சில் கலந்திருக்கும் ட்ரைஅரைல் அமீன் மூலக்கூறுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி மேலே வந்து, அங்கே காத்திருக்கும் எதிர்மின்னூட்டத்தை ஈடுகட்டுகிறது. அந்தப் புள்ளியில் மட்டும் 700 வோல்ட் சில பத்து வோல்ட்டுகளாக இறங்கிவிடும். டோனர் என்ற மைப்பொடி அங்கே போய் ஒட்டும், பேப்பருக்கு மாறும், பியூசர் சூட்டில் உருகிப் பிடிக்கும்.

கண்ணாடி, லென்ஸ் வைத்த பழைய மெஷின்களில் இது தலைகீழ். அங்கே வெளிச்சம் பட்ட இடம் வெள்ளை, படாத இடம் கருப்பு. பழுது பார்க்கும்போது இதை மறந்தால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று ஆகிவிடும்.

இதில் நானோ எங்கே வருகிறது?

ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். நிறமிப் பூச்சின் கனம் 300 நானோமீட்டர் என்று வையுங்கள். அதற்குள் 800 நானோமீட்டர் துகள் ஒன்று இருந்தால் என்ன ஆகும்? தரையில் புதைத்த கல் வெளியே நீட்டிக்கொள்ளும். அந்த முனையில் மின்புலம் குவியும், மின்னூட்டம் கசியும், காப்பியில் கரும்புள்ளி விழும். ஆகவே துகள் பூச்சின் கனத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது முதல் கட்டாயம். நூறு, இருநூறு நானோமீட்டர் என்று இறங்குவது இதற்காகத்தான்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. துகள் ஒளியை விழுங்கியதும் எலக்ட்ரானும் துளையும் உடனே பிரிவதில்லை. ஒன்றையொன்று கட்டிக்கொண்டே சிறிது தூரம் அலையும். இந்த ஜோடிக்கு எக்ஸிடான் என்று பெயர். தாலோசயனின் மாதிரிப் பொருள்களில் அது அலையும் தூரம் பத்து நானோமீட்டர் என்ற அளவில்தான் இருக்கும். பிரிவதற்கு வசதியான இடம் துகளின் மேற்பரப்பு, குறிப்பாக மேல் பூச்சின் அமீன் மூலக்கூறு ஊறி வந்து தொட்டுக்கொண்டிருக்கும் இடம். பெரிய துகளின் நடு வயிற்றில் பிறந்த எக்ஸிடான் கரை சேராமலே அணைந்துபோகலாம். துகள் சிறுத்தால் எல்லா இடமும் கரைக்குப் பக்கம்.

மூன்றாவது, தொட்டி விவகாரம். டிரம் குழாயை நிறமிக் கலவைத் தொட்டியில் செங்குத்தாக முக்கி, மெதுவாக மேலே இழுத்துத்தான் பூச்சு போடுகிறார்கள். துகள் அடியில் படிந்தால் குழாயின் ஒரு முனை அடர்த்தியாகவும் மறுமுனை வெளிறியும் வரும். படியும் வேகம் துகளின் அளவின் வர்க்கத்துக்கு ஏற்றபடி மாறும். அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. நானோ அளவுக் கலவை நாள்கணக்கில் படியாமல் நிற்பது இந்தக் கணக்கால்தான்.

அப்படியென்றால் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லதா?

இல்லை. மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் முன்னுரைகளில் "சிறியது சிறந்தது" என்ற வரி தவறாமல் இருக்கும், அதை முதலில் அடிக்கச் சொல்வேன்.

மேற்பரப்பு கூடினால் அதோடு மேற்பரப்பின் குறைகளும் கூடும். உடைந்த படிக முனை, ஒட்டிக்கொண்ட அழுக்கு எல்லாம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொறிகள். அவை கூடினால் டிரம் இருட்டிலேயே மெல்ல மெல்ல வோல்ட்டை இழக்கும். முந்தின பக்கத்தின் சாயல் அடுத்த பக்கத்தில் நிழலாகத் தெரியவும் செய்யும். சிறு துகள்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமும் அதிகம். ஐம்பது நானோமீட்டராகச் செய்த துகள்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு மைக்ரான் கட்டியானால் செய்த வேலை வீண். அதைத் தடுக்கத்தான் பாலிவினைல் பியூட்டிரால் மாதிரி ஒரு பிசினைக் கலவையில் சேர்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து படிக வடிவம் மாறிப்போவது. மிக்ஸியில் அதிக நேரம் ஓட்டி மாவு சூடேறினால் இட்லி கல்லாகிவிடும் அல்லவா, நிறமியைக் குண்டு மில்லில் அரைப்பதும் அப்படித்தான். அளவு குறையும்போதே தன்மையும் கெட்டுவிடலாம். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

படிக வடிவத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரே டைட்டனைல் தாலோசயனின் மூலக்கூறு பல விதமாக அடுக்கப்படலாம். ஆல்ஃபா, பீட்டா, ஒய் என்று அந்த அடுக்குகளுக்குப் பெயர். மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. ஆனால் ஒளிக்கு உணர்வு காட்டுவதில் ஒய் வடிவம் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வலுவான மின்புலத்தில், விழுங்கிய ஒளித்துகள் நூறில் தொண்ணூறுக்கு மேல் பயனுள்ள ஜோடியாக மாறும் அளவுக்கு அதற்குத் திறமை இருக்கிறது. லேசர் பிரின்டர்களில் இருக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு லேசரை அது நன்றாக விழுங்கும் என்பது கூடுதல் வசதி. அந்த லேசர் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. டிரம்முக்கு அதுதான் பகல்.

சிக்கல் என்னவென்றால் ஒய் வடிவம் நிலையானது இல்லை. தவறான கரைப்பானில் ஊறவிட்டாலோ, அளவுக்கு மீறி அரைத்தாலோ, சூடு கூடினாலோ பீட்டாவை நோக்கி நழுவிவிடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படத்தில், தாமிரக் கதிரை வைத்து எடுத்தால், 27.3 டிகிரிக்குப் பக்கத்தில் கூர்மையான ஒரு சிகரம் வரும். அதுதான் ஒய் வடிவத்தின் அங்க அடையாளம். "துகள் அளவு இவ்வளவு குறைந்தது" என்று எழுதிவிட்டு இந்தச் சிகரம் இன்னும் இருக்கிறதா என்று காட்டாத அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றுதான் சொல்வேன்.

இந்த நானோ துகளை எப்படித் தயாரிக்கிறார்கள்?

ஒரு வழி மேலிருந்து கீழே: பெரிய துகளைக் கண்ணாடி அல்லது சிர்க்கோனியா மணிகளோடு போட்டு அரைப்பது. இன்னொரு வழி கீழிருந்து மேலே: மூலக்கூறாகக் கரைத்துவிட்டு, பிறகு சட்டென்று வெளியே தள்ளுவது.

தாலோசயனின் சாதாரணக் கரைப்பானில் கரையாது என்றேன். அடர் கந்தக அமிலத்தில் கரையும். குளிர்ந்த நிலையில் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைப் பனிக்கட்டித் தண்ணீருக்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். தண்ணீரைத் தொட்டதும் நிறமிக்கு இருக்க இடமில்லை. வளர நேரமில்லாமல் கோடிக்கணக்கான சிறு துகளாக விழுந்துவிடும். அந்த விழுது படிக ஒழுங்கே இல்லாமல் இருக்கும். அதை அமிலம் போகக் கழுவி, ஈரத்தோடேயே குளோரோபென்சீன் வகைக் கரைப்பான் ஒன்றோடு கலக்கினால் ஒய் வடிவமாக ஒழுங்குபடும். எந்தக் கரைப்பான், எவ்வளவு தண்ணீர், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதில்தான் ஒவ்வொரு கம்பெனியின் ரகசியமும் இருக்கிறது. காப்புரிமைகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான்.

கரைத்துத் தள்ளும் உத்தியைப் பொதுவாகக் கரிம நானோ படிகங்களுக்கு ஒரு முறையாக வளர்த்தது ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகக் குழு, 1992 வாக்கில். அவர்கள் அசிட்டோன் போன்ற, தண்ணீரோடு கலக்கும் கரைப்பானில் பொருளைக் கரைத்து, வேகமாகக் கலக்கப்படும் தண்ணீருக்குள் ஊசியால் செலுத்தினார்கள்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சல்பேட் அயனி கொஞ்சம் தங்கினாலும் டிரம் இருட்டில் கசியும். பெரிய இயந்திரம் எதுவும் காட்டாத தரத்தைச் சில சமயம் வாளி வாளியாகச் செலவான நல்ல தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

முன்பு டிரம்கள் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தனவே?

அவை செலினியம். கதை இன்னும் பின்னால் போகிறது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன், உதவியாளர் ஓட்டோ கோர்னையோடு சேர்ந்து, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை வைத்து வெளிச்சம் காட்டி, லைகோபோடியம் பொடி தூவி, மெழுகுத்தாளில் முதல் நகலை எடுத்தார். பிறகு பேட்டெல் ஆய்வகத்தில் கந்தகத்துக்குப் பதில் செலினியம் வந்தது. 1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 அதை வைத்துத்தான் ஓடியது.

செலினியம் நன்றாக உழைத்தது, ஆனால் படிக ஒழுங்கில்லாத நிலையில் இருந்தால்தான் அதற்கு வேலை. சூட்டில் அது மெல்லப் படிகமாக மாறித் தன் குணத்தை இழக்கும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில், ஷட்டர் போட்ட கடைக்குள் அதற்கு வாழ்க்கை சுகமாக இருந்திருக்காது. நச்சுத்தன்மை வேறு. 1970-இல் ஐபிஎம் முதன்முதலாகக் கரிமப் பூச்சு வைத்த நகல் மெஷினை விற்றது. டயோடு லேசர் வைத்த மேசைப் பிரின்டர்கள் 1984-க்குப் பிறகு பரவின. அகச்சிவப்பை விழுங்கும் நிறமி தேவைப்பட்டது. தாலோசயனின் கிராக்கி அப்போது ஏறியதுதான்.

கரிமப் பூச்சு இல்லாத வழி இன்னும் இருக்கிறது. கியோசெரா போன்றவர்கள் வைக்கும் அமார்ஃபஸ் சிலிக்கான் டிரம் கல் மாதிரி உழைக்கும். விலையும் அப்படியே.

நீல மைக் கையெழுத்து பழைய மெஷினில் விழாது என்பார்களே, உண்மையா?

உண்மைதான். சாதாரண செலினியத்துக்கு நீல ஒளி நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. நீல எழுத்திலிருந்து நீலம் பிரதிபலித்து வந்ததும், வெள்ளைத் தாள் என்று நினைத்து விட்டுவிடும். சிவப்பு மை மட்டும் கருகருவென்று விழும். பத்திரம் எழுதுகிற பெரியவர்கள் கருப்பு மைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போதைய டிஜிட்டல் மெஷினில் ஸ்கேனர்தான் தாளைப் பார்க்கிறது. டிரம் பார்ப்பது லேசரை மட்டும். எந்த மையானாலும் கவலையில்லை.

"நானோ கோட்டிங்" என்று அட்டையில் போட்ட டிரம் வாங்கலாமா?

அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் இதுவரை போட்ட எல்லாக் கரிம டிரம்மிலும் நிறமி ஒரு மைக்ரானுக்குக் கீழேதான் இருந்தது. நூறு ரூபாய் டிரம்மிலும் இருக்கிறது, ஆயிரம் ரூபாய் டிரம்மிலும் இருக்கிறது. வித்தியாசம் துகள் எவ்வளவு சீராக இருக்கிறது, படிக வடிவம் சரியா, கழுவியது சுத்தமா, மேல் பூச்சு எவ்வளவு கனம் என்பதில். இதில் எதையும் அட்டையில் அச்சிட மாட்டார்கள்.

கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்றே ஒன்று: போட்டு, முழுக் கருப்பு ஒரு பக்கம், இருபது சதவீதச் சாம்பல் ஒரு பக்கம், வெற்று வெள்ளை ஒரு பக்கம் எடுங்கள். சாம்பல் பக்கம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். பூச்சு சீரில்லாதது அங்கேதான் காட்டிக்கொடுக்கும். எழுத்து மட்டும் உள்ள பக்கத்தில் எல்லா டிரம்மும் நல்ல டிரம்தான்.

ஒரே இடைவெளியில் கரும்புள்ளி விழுகிறது. டிரம்மா, வேறு ஏதாவதா?

ஸ்கேல் எடுத்து இடைவெளியை அளந்துவிட்டுப் பேசுங்கள். 94 மில்லிமீட்டர் என்றால் 30 மில்லி விட்டமுள்ள டிரம் ஒரு சுற்று. 75 என்றால் 24 மில்லி டிரம். 38-க்குப் பக்கம் என்றால் 12 மில்லி சார்ஜ் ரோலர், டிரம்மைக் கழற்றாதீர்கள். விட்டத்தை 3.14-ஆல் பெருக்குவதுதான் கணக்கு, எந்த மெஷினுக்கும் இதே.

டிரம்தான் என்று தெரிந்தால் கழற்றி, மங்கலான வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டோனர் கட்டியோ பேப்பர் தூளோ ஒட்டியிருந்தால் உலர்ந்த மெல்லிய துணி போதும். ஊசி குத்தியது மாதிரி பளிச்சென்று அலுமினியம் தெரிந்தால் பூச்சு போய்விட்டது, அதற்கு மருந்தில்லை. புத்தம்புது டிரம்மிலேயே புள்ளி விழுந்து, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் அது உள்ளே இருக்கும் நிறமிக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். வாதாடாமல் திருப்பிக் கொடுங்கள்.

தின்னர் போட்டுத் துடைத்தால் டிரம் பளபளக்குமாமே?

பளபளக்கும். அதோடு செத்தும் போகும். தின்னரில் இருக்கும் டொலுவீனும் அசிட்டோனும் பாலிகார்பனேட்டைக் கரைக்கும். நம்பவில்லையென்றால் தூக்கிப்போட வைத்திருக்கும் டிரம் ஒன்றை எடுத்து, காற்றோட்டமான இடத்தில், பஞ்சில் தின்னரைத் தொட்டு ஓர் ஓரமாகத் தேயுங்கள். முதலில் விரலுக்கு வழவழப்பாக ஒரு பிசுக்கு தட்டும். அது மேல் பூச்சு. இன்னும் நாலு தேய்ப்பில் பஞ்சு நீலப்பச்சையாக மாறும், அது நிறமி. அடியில் வெள்ளி நிறத்தில் அலுமினியம் எட்டிப்பார்க்கும். மேல் பூச்சு, நிறமி, அலுமினியம் மூன்றையும் புத்தகம் இல்லாமல் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. பஞ்சில் ஒட்டியிருக்கும் அந்தக் கறையைப் பாருங்கள். ஒரு டிரம் முழுக்க இருக்கும் நிறமி அவ்வளவே. காப்பி எடுத்துத் தந்ததெல்லாம் அந்தக் கறைதான்.

சானிடைசர், பெட்ரோல், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். முகப் பவுடரும் வேண்டாம். டிரம்மில் மிஞ்சும் டோனரை வழித்தெடுக்கும் பிளேடு புதிதாக இருந்து கிறீச்சிட்டால் ஜிங்க் ஸ்டியரேட் பொடியைத் தொட்டு வையுங்கள்.

டிரம்மை வெளிச்சத்தில் வைத்து மறந்துவிட்டேன், போச்சா?

ட்யூப்லைட்டில் சில நிமிடம் என்றால் போகவில்லை. கருப்புக் கவரில் சுற்றி இரவு முழுக்க வையுங்கள், பெரும்பாலும் தேறிவிடும். சன்னல் வழியே வெயில் நேராகப் பட்டிருந்தால் கஷ்டம்தான். புற ஊதாக் கதிர் மேல் பூச்சின் அமீனைக் கெடுத்துவிடும், அது திரும்பாது. வெயில் பட்ட பகுதி மட்டும் பட்டையாகக் கருத்தோ வெளுத்தோ காப்பியில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் எழுத்து கரைந்த மாதிரி வருகிறது. டிரம் மாற்றியும் சரியாகவில்லை. ஏன்?

அங்கிருந்து வரும் புகார்களில் அதிகம் இதுதான். 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர். மின்னூட்டம் ஏற்றும்போது கொஞ்சம் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடும் பிறக்கும். அவை டிரம் மேல் படிந்து ஈரத்தை உறிஞ்சினால் அந்த மேற்பரப்பு லேசாக மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும். லேசர் வரைந்த எழுத்தின் விளிம்பில் நிற்க வேண்டிய மின்னூட்டம் பக்கவாட்டில் வழிந்துவிடும். எழுத்து கரைகிறது. நிறமி அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது, குறை மேல்தோலில். அதனால்தான் புது டிரம் சில நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி அதே தொல்லை.

மழைக்காலத்தில் இரவில் மெஷினை முழுதாக அணைக்காமல் சூடு தங்கும் நிலையில் விடுங்கள். சில பெரிய மெஷின்களில் ஈரம் தடுக்கும் ஹீட்டர் உள்ளேயே இருக்கும், ஆனால் இணைக்காமல் விட்டிருப்பார்கள், மெக்கானிக்கைக் கேளுங்கள். பேப்பர் கட்டைப் பிரித்தால் அன்றே தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் பிளாஸ்டிக் கவரில் கட்டுங்கள். காலையில் முதல் காப்பி மோசமாக வந்தால் பத்து வெற்றுப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். தேறினால் ஈரம், தேறாவிட்டால் வேறு கோளாறு.

மலையில் குளிர்ந்து கிடந்த டிரம் பெட்டியைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்ததும் பிரிக்காதீர்கள். வேர்த்துவிடும். பெட்டி அறைச் சூட்டுக்கு வரட்டும்.

கீழே சேலத்தில் வறண்ட கோடையில் பிரச்சினை உண்டா?

வேறு மாதிரி உண்டு. ஒய் வடிவ டைட்டனைல் தாலோசயனினில் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறும் ஜோடியைப் பிரிப்பதில் பங்கெடுக்கிறது. காற்று மிக வறண்டால் உணர்வு சற்றுக் குறையும். மெஷின் தானே சரிசெய்துகொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. ஆய்வகத்தில் அளக்கும் மாணவர்கள் மட்டும் அன்றைய ஈரப்பதத்தைக் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்ச்சில் எடுத்த எண்ணும் நவம்பரில் எடுத்த எண்ணும் ஒத்துப்போகாது. கடைக்காரர்களுக்குக் கோடையில் எதிரி சூடுதான். டோனரையும் டிரம்மையும் வண்டி டிக்கியில் மதியம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இதில் என்ன செய்யலாம்?

டைட்டனைல் தாலோசயனின் தயாரிப்பில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு வரும். காற்றின் ஈரம் பட்டாலே புகையும் பொருள் அது. முதல் புராஜெக்ட்டுக்கு வேண்டாம். பெயின்ட் வியாபாரிகளிடம் கிடைக்கும் தாமிரத் தாலோசயனினை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்கு அது சிறந்த நிறமி இல்லை. ஆனால் துகள் அளவு என்றால் என்ன என்று கையில் பிடித்துப் பார்க்க அதுவே போதும்.

ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கண்ணாடியும் கையுறையும் போட்டு, அடர் கந்தக அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைப் பனிக்கட்டித் தண்ணீருக்குள் சொட்டுங்கள். தண்ணீரை அமிலத்துக்குள் ஊற்றவே கூடாது. வடிகட்டிக் கழுவுங்கள். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மை தோன்றுவது நிற்கும் வரைக்கும் கழுவுங்கள். பிறகு கடையில் வாங்கிய பொடி ஒரு சோதனைக் குழாயிலும், நீங்கள் செய்தது இன்னொன்றிலும், இரண்டிலும் ஒரே அளவு பிசினோடு கலக்கி நிற்க வையுங்கள். மறுநாள் எது படிந்தது, எது நிற்கிறது என்று கண்ணே சொல்லும். நிறமாலையும் எக்ஸ்-கதிர்ப் படமும் அதற்குப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்-கதிர்ச் சிகரத்தின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டில் வரும் எண் படிகத்தின் அளவு. ஒளிச்சிதறல் கருவி தருவது திரவத்தில் மிதக்கும் கட்டியின் அளவு. ஒன்று 20 நானோமீட்டர் என்றும் மற்றது 180 என்றும் வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பல படிகம் சேர்ந்து ஒரு துகளாக நிற்கிறது. வைவாவில் இதைத்தான் கேட்பார்கள்.

டிரம் பொடி உடம்புக்குக் கெடுதலா?

தாலோசயனின் அப்படி ஒன்றும் கொடிய பொருள் இல்லை. டிரம்மிலிருந்து தேய்ந்து வருவதும் பெரும்பாலும் பாலிகார்பனேட் தூள்தான். கவனம் வைக்க வேண்டியது டோனர் பொடியிலும், காற்றோட்டமில்லாத சின்ன அறையில் சேரும் ஓசோனிலும்.

பழைய டிரம்மை என்ன செய்வது?

எரிக்காதீர்கள். பிளாஸ்டிக் பல்சக்கரத்தைக் கழற்றினால் மிஞ்சுவது அலுமினியக் குழாய், பழைய இரும்புக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் நம் சேர்வராயன் மலையிலேயே இருக்கிறது; மேட்டூர் மால்கோ ஆலை அதை எடுத்துத்தான் அலுமினியம் காய்ச்சியது. செலினியக் காலத்துப் பளபள டிரம் ஏதாவது குடோனில் கிடந்தால் அதை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காமல், மின்கழிவு எடுப்பவர்களிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

கம்பேட்டிபிள் டிரம்மோடு (மெஷின் கம்பெனி அல்லாத வேறு கம்பெனி செய்த, பொருந்தும் டிரம்) பழைய பிளேடையே ஓட்டலாமா?

வேண்டாம். பிளேடு மலிவு, தேய்ந்த பிளேடு போடும் கோடு டிரம்மைத் தின்றுவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், மாற்றும்போது கடை முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்கிக்கொள்ளுங்கள்.